தன் சாற்றைத் தானே காய்ச்சிய சக்கை

தாராபுரத்தில் கரும்புச்சாறு வண்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இஞ்சித் துண்டையும் எலுமிச்சையையும் உள்ளே வைத்து மடித்து, மூன்றாம் தடவை உருளைக்குள் கொடுத்த கரும்பு நார்நாராகப் பிரிந்து சாக்கில் விழும். சாயங்காலம் மாடு மென்றதுபோக மிச்சம் குப்பை வண்டிக்கு.

ஆலைக்குப் போகும் கரும்புக்கு இந்தக் கதி இல்லை. ஒரு டன் பிழிந்தால் கால் டன்னுக்குக் குறையாமல் சக்கை தேறும், அதில் பாதி ஈரம். உடுமலைப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் அதை வெயிலில் காயப்போட்டுக் கொப்பரைக்கு அடியிலேயே தள்ளிவிடுவார்கள். தன் சாற்றைத் தானே காய்ச்சும் விறகு! சர்க்கரை ஆலையிலும் இதே கதைதான், அடுப்புதான் பெரிது. சக்கையைக் 'கழிவு' என்று எழுதுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அடுப்பிலிருந்து அதை வெளியே இழுத்தது காகிதம். கரூர் மாவட்டம் புகளூரை ஒட்டிய காகிதபுரத்தில், 1979-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் (டி.என்.பி.எல்.) 1984 முதல் சக்கையில் காகிதம் செய்கிறது. விறகைக் கொடுத்துவிட்டுச் சர்க்கரை ஆலை எதை எரிக்கும்? ஈடாக நீராவியோ நிலக்கரியோ கொடுத்தார்கள். சுத்தமான பண்டமாற்று.

சக்கைத் தட்டு, காகிதமாகும் அதே கூழின் இன்னொரு பிறவி. சக்கையில் நாரோடு ஒட்டிய பஞ்சுபோன்ற சோற்றுப்பகுதியை உதறி நீக்கி, வேகவைத்து, கூழாக்கித் தண்ணீரில் கலக்குகிறார்கள். தட்டு வடிவிலான வலை அச்சு அதில் முங்கும். அடியிலிருந்து உறிஞ்சினால் தண்ணீர் இறங்கிவிடும், துணியில் கட்டிய தயிர்போல நார் மட்டும் வலையில் தங்கும். சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு தயார். ஒட்டுவதற்குப் பசை வேண்டாம்; நாரை நாரே பிடித்துக்கொள்ளும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டுகளுக்குத் தடை வந்தது. பந்தியில் பாக்குமட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் இந்த வெள்ளைத் தட்டுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் குழம்பு எண்ணெய் ஊறாமலிருக்க ஃபுளோரின் சேர்ந்த ரசாயனம் கலக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. தட்டு மக்கும், அது மக்காது. அமெரிக்காவில் உணவுக் காகிதங்களுக்கான அத்தகைய சரக்கின் விற்பனை நின்றுவிட்டதென 2024-இல் அறிவித்தார்கள். இங்கே தட்டு வாங்கும்போது எத்தனை பேர் கேட்கிறோம்?

பந்தி முடிந்ததும் தட்டுகளை அள்ளி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் திணித்து, வாயை இறுக்கிக் கட்டுகிறார்கள்.