கண்ணாடி உறையும் மழைத்துளியும்

சிறுமலையின் மேல் எழும் வானவில்லைத் திண்டுக்கல் சமவெளியில் நிற்போர் பலரும் கண்டிருப்பர். அதன் காரணத்தைச் சோதனையால் தேடியவர்களுள் முன்னிற்பவர் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிசி. குத்புத்தீன் ஷீராஸியின் மாணவரான இவர் 1319ஆம் ஆண்டளவில் மறைந்தார். இப்னுல் ஹைதமின் 'கிதாபுல் மனாழிர்' நூலுக்கு இவர் வரைந்த திருத்த விளக்கமே 'தன்கீஹுல் மனாழிர்'.

மழைத்துளியைக் கையிலெடுத்து ஆராய இயலாது. ஆகவே, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைத் துளியின் பெருவடிவாகக் கொண்டார். ஒளி புகும்போதும் வெளிவரும்போதும் விலகுகிறது. இடையில் உள்ளே ஒருமுறை பிரதிபலித்தால் முதல் வில், இருமுறை பிரதிபலித்தால் இரண்டாம் வில் எனத் தெளிந்தார்.

மழைத்துளிக்குக் கண்ணாடி உறை கிடையாதே! அவ்வினாவையும் அவர் விட்டுவிடவில்லை. உறையின் விளைவு புறக்கணிக்கத்தக்கதே என முடிவுசெய்தார்.

பொருளின் அளவு அலைநீளத்தை நெருங்கும்போது உறையை அவ்வாறு ஒதுக்க இயலாது. மின்காந்த அலைச்சிதறலை 1881இல் ராலே பிரபு உருளைக்கும், 1908இல் குஸ்தாவ் மீ கோளத்திற்கும் கணித்தனர். உறையிட்ட கோளத்திற்கு 1951இல் ஏடனும் கெர்க்கரும், உறையிட்ட உருளைக்கு 1961இல் கெர்க்கரும் மட்டியெவிச்சும் விடை கண்டனர். ராடார் அலைகளை ஆராய்வோருக்கும் இக்கணக்குகள் பயன்படுகின்றன.

அல்ஃபாரிசியின் காலத்திலேயே ஜெர்மானியத் துறவி தியோடொரிக்கும் அவரை அறியாமலேயே இதே விளக்கத்தை எட்டினார். எனவே, 'நாமே முதல்வர்' என்னும் பெருமிதம் நமக்குப் போதாது. தம் சோதனைக் கருவியையே ஐயுற்று ஆராய்ந்த அந்த நேர்மையை நம் அரபுக் கல்லூரி மாணவர்கள் பெறுவதே அவருக்கு நாம் செலுத்தும் உரிய கடன்.