பார்க் சர்க்கஸில் ஏறிய கொடி

1971 வங்கதேசப் போரின் டிசம்பர் 3 இரவுக்கும் ஐ.நா. வாக்கெடுப்புக்கும் இந்த வாரம் வந்துவிடலாம் என்றிருந்தேன். லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்க நின்றபோது காதில் விழுந்த கேள்வி ஏப்ரலுக்கே திருப்பிவிட்டது.

"அவன்தானே முதல்ல குண்டு போட்டான்? இதுல நியாயம் பேச என்ன இருக்கு?" என்றார், ராஷ்பிஹாரி அவென்யூவில் வெகுகாலமாகக் குடியிருக்கும் மாமா ஒருவர்.

டிசம்பர் 3-ல் பாகிஸ்தான் குண்டு போட்டது உண்மை. அன்று மாலை இந்திரா காந்தி இதே கல்கத்தாவின் பிரிகேட் மைதானத்தில் பேசிவிட்டு இரவோடு டெல்லி திரும்பினார். ஆனால் மாமா, நவம்பர் 21-லேயே நம் டாங்கிகள் எல்லை தாண்டி கரீப்பூரில் சண்டை போட்டுவிட்டனவே! யார் முதலில் சுட்டது என்பதையே பிடித்துக்கொண்டு நின்றால் நம் கட்சி எடுபடாது.

நம் நியாயத்தைத் தேடி பார்க் சர்க்கஸுக்குப் போக வேண்டும். 9, சர்க்கஸ் அவென்யூ. அன்று பாகிஸ்தானின் துணைத் தூதரகம். அதன் தலைவர் ஹுசைன் அலி, வங்காளி. மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானின் ராணுவம் தொடங்கிய படுகொலைச் செய்திகள் அவருக்கு வந்துகொண்டே இருந்தன. ஏப்ரல் 17-ல் மெஹர்பூர் மாந்தோப்பில் தாஜுத்தீன் அகமதின் தற்காலிக வங்கதேச அரசு பதவியேற்றது. மறுநாளே சர்க்கஸ் அவென்யூவில் பாகிஸ்தான் கொடி இறங்கியது. வங்கதேசக் கொடி ஏறியது. வங்காளி ஊழியர்களும் ஹுசைன் அலி பக்கம் நின்றார்கள். வேலை, சம்பளம், சொந்த ஊர் எல்லாவற்றையும் பணயம் வைத்த முடிவு அது. இஸ்லாமாபாத் வேறு அதிகாரியை அனுப்பிப் பார்த்தது. ஹுசைன் அலி கட்டடத்தை விடவில்லை. வெளிநாட்டில் வங்கதேசத்தின் முதல் தூதரகம் அப்படித்தான் உருவானது.

இந்தப் போரின் வீரர்கள் வரிசையில் தளபதிகளுக்கு முன்னால் இவரைத்தான் நிறுத்துவேன். 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்று யாஹியா உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தூதரே 'அந்த நாடு என்னுடையதல்ல' என்று கொடியை இறக்கிவிட்டார். ஏறக்குறைய 1 கோடி அகதிகள் நம் மண்ணுக்கு வந்து, சால்ட் லேக்கின் வெற்று நிலம்கூட முகாமான பிறகு எது உள்நாடு, யாருடைய விவகாரம்?

ஐ.நா. பொதுச்சபை இந்த வாதத்தை ஏற்கவில்லை. டிசம்பர் 7-ல் போரை நிறுத்து, படைகளைத் திரும்பப் பெறு என்று 104 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை 11. அந்த 104-ன் கதையை அடுத்த வாரம்தான் சொல்ல முடியும்.

சர்க்கஸ் அவென்யூவின் அந்தப் பகுதிக்கு இன்று பங்கபந்து ஷேக் முஜிப் சரணி என்று பெயர்.

(தொடரும்)