சிறப்புக் கல்விப் பட்டம்: செலவும் வரவும்

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் பருவத்தில் பாலிக் புலாவ் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரு வினாவோடு வருவதுண்டு. "டீச்சர், பிள்ளைக்கு ஆசிரியர் கல்விக் கழகத்தில சிறப்புக் கல்விதான் கெடச்சிருக்கு. எடுக்கலாமா? அதுல என்ன வருமானம்?" தமிழ்மொழியோ கணிதமோ கிடைத்திருந்தால் இவ்வினா எழுந்திராது. சிறப்புக் கல்வி என்றதும் பெற்றோர் மனத்தில் ஒரு தராசு தொங்கத் தொடங்கிவிடுகிறது. அவர்களைக் குறைகூற மாட்டேன். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் கணக்குப் பார்ப்பது முறையே. ஆயினும், கணக்கைச் சற்றுப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தல் நன்று. அதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இவ்வரலாற்றின் முக்கியமான ஏடுகள் சில நம் தீவிலேயே உள்ளன.

கண் பார்வையற்றோருக்காக 1926 இல் மலாக்காவில் ஆங்கிலிக்கன் திருச்சபையினர் தொடங்கிய செயின்ட் நிக்கோலஸ் இல்லம், பின்னர்ப் பினாங்குக்கு இடம்பெயர்ந்தது. அக்காலத்தில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அறப்பணியாகக் கருதப்பட்டது. அறப்பணிக்கு யாரும் சம்பளக் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் வெளியே சொல்வதில்லை.

செவிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கான பள்ளியின் கதை சற்று வேறானது. 1954 இல், உயர் ஆணையர் டெம்பளரின் துணைவியார் எடுத்த முயற்சியால், கூட்டரசுக் காதுகேளாதோர் பள்ளி பினாங்கில் உருவாயிற்று. தெலுக் பஹாங் வழியாகக் கடலோரச் சாலையில் நகருக்குச் செல்வோர் தஞ்சோங் பூங்காவில் அப்பள்ளியைக் கடந்தே செல்கின்றனர். நாட்டில் இவ்வகைப் பள்ளிகளுள் முதலாவது அதுவே. கட்டடத்திற்கு நன்கொடை திரட்டலாம். மாணவர்களையும் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆசிரியரை எங்கிருந்து கொணர்வது?

காது கேளாதோர்க்குக் கற்பிக்கும் முறையைப் பயிலும் இடம் அன்றைய மலாயாவில் இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1919 ஆம் ஆண்டிலேயே, ஒரு செல்வந்தர் தந்த நன்கொடையைக் கொண்டு, அதற்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டிருந்தது. ஆகவே நம் நாட்டின் தொடக்ககாலச் சிறப்பாசிரியர்கள் இங்கிலாந்து சென்று பயிற்சி பெற வேண்டியிருந்தது. கடற்பயணம், தங்குமிடம், குளிருக்கு உடை, குடும்பத்தைப் பிரிந்த மாதங்கள் அனைத்தையும் கூட்டிப் பாருங்கள்! தனி மனிதர் தம் கைப்பணத்தில் தாங்கக்கூடிய செலவாக அது இருந்திருக்க இயலாது. 1960களில், கோலாலம்பூர் செராசில் அமைந்த சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இப்பயிற்சி உள்நாட்டிலேயே கிடைக்கலானது. அன்று முதல் இச்செலவின் பெரும்பங்கை அரசு ஏற்று வருகிறது. பெற்றோர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த முறை வாய்மொழி முறையாகும். உதட்டசைவைப் படித்துப் பேசப் பழக வேண்டும், கைச்சைகை கூடாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளோ, வகுப்புக்கு வெளியே, தமக்குள் கைகளால் ஒரு மொழியையே வளர்த்துக்கொண்டனர். இன்று மொழியியலார் அதனைப் 'பினாங்குச் சைகைமொழி' எனத் தனிப்பெயரிட்டு வழங்குகின்றனர். ஆசிரியர்கள் கடல் கடந்து கற்று வந்த முறைக்கு எதிராகவே, ஆசிரியர் கண்மறைவில், பிள்ளைகள் ஒரு மொழியை ஆக்கிவிட்டனர்! 1970களின் பிற்பகுதியில், சைகையும் பேச்சும் இணைந்த முழுத்தொடர்பு முறை நம் நாட்டில் ஏற்கப்பட்டது. வாய்மொழி முறையில் தேர்ந்த ஆசிரியர்கள் மீண்டும் மாணவராக வேண்டியதாயிற்று. இத்துறையில் பட்டத்தோடு படிப்பு முடிவதில்லை. செலவுக் கணக்கில் எவரும் எழுதாத செலவு இது.

மெதுவாகக் கற்கும் பிள்ளைகள், தன்முனைப்புக் குறைபாடு (ஆட்டிசம்) உடையோர், டவுன் நோய்க்கூறு உடையோர் ஆகியோர் அரசுப் பள்ளிகளின் கவனத்திற்கு வந்தது இன்னும் பிந்தியே. கண்ணும் காதும் முதலில். கற்றல் சிரமம் பின்னர். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1993 இல் சிறப்புக் கல்வியில் இளங்கலைப் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. 1995 இல் கல்வியமைச்சில் சிறப்புக் கல்விக்கெனத் தனி இலாகா அமைந்தது. 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்குத் தனி அதிகாரம் ஒதுக்கிற்று.

அடுத்த ஆண்டு வந்த 1997 விதிகள் ஒரு கையால் கொடுத்து மறுகையால் நிறுத்தின. 'கற்பிக்கத்தக்க' பிள்ளைகளுக்கே இடம் என்றன. பிறர் உதவியின்றித் தன்னைத்தானே கவனித்துக்கொள்ள இயன்ற பிள்ளை, மருத்துவர் உள்ளிட்ட குழுவினரால் உறுதிசெய்யப்பட்ட பிள்ளை, அதற்குத்தான் வகுப்பு. கடுமையான குறைபாடு உடையோர் வாசலிலேயே நின்றனர். 2013 இல் அவ்விதிகள் மாற்றப்பட்டன. அவ்வாண்டு வெளியான கல்விப் பெருந்திட்டம், 2025 ஆம் ஆண்டுக்குள் சிறப்புத் தேவையுடைய மாணவர்களில் 75 விழுக்காட்டினரைப் பொது வகுப்புகளில் இணைக்க இலக்கு வகுத்தது. 2019 இல், எப்பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. வாசலைத் திறந்தபின் உள்ளே ஆசிரியர் வேண்டுமல்லவா? இத்துறையில் இடம் 'கிடைத்துவிடுவதன்' காரணம் இதுவே. மிச்சம் மீதி இடம் என்று பெற்றோர் எண்ணுவது தவறு.

இனிக் கணக்கிற்கு வருவோம்.

நான் பயிற்சி பெற்ற காலத்தில் கல்லூரியில் பட்டயமே கிடைத்தது. பட்டத்தைப் பணியில் இருந்துகொண்டே, பள்ளி விடுமுறைகளைப் பலிகொடுத்துப் பெற்றோம். பின்னர் அக்கல்லூரிகள் கல்விக் கழகங்களாக உயர்ந்தன. 2007 முதல் அங்கேயே நான்காண்டுப் பட்டம் வழங்கப்படுகிறது. பயிற்சி மாணவர்க்குப் பல ஆண்டுகளாக அளிக்கப்பட்டு வந்த உதவித்தொகை மாதம் ரி.ம.430. நாற்பத்தெட்டு மாதங்களுக்குக் கூட்டினால் ரி.ம.20,640. மகளைத் தங்கிப் படிக்க அனுப்பும் பெற்றோர்க்கு இது சிறிய தொகையன்று. இதே படிப்பைத் தனியார் நிறுவனத்தில் பயின்றால் பணம் நம் கையிலிருந்து போகும். 1997 இல் தோன்றிய பி.டி.பி.டி.என். கடனை வாங்கிப் படித்து, அதனை வேலை உறுதியின்றித் திருப்பிச் செலுத்த நேரிடும். அரசுக் கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்கு இவ்விரண்டையும் ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து.

வரவு? அடிப்படைச் சம்பளத்தில் வேறுபாடு கிடையாது. 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வரும்வரை, தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் ஒரே டிஜி41 படிநிலையில்தான், ஏறத்தாழ ரி.ம.2,188 தொடக்கச் சம்பளத்தில், நுழைந்தனர். வேறுபாடு சிறப்புக் கல்வி ஊக்கத்தொகையில் இருந்தது: மாதம் ரி.ம.250. ஆண்டுக்கு மூவாயிரம். முப்பதாண்டு இதே வகுப்பில் நின்றால் தொண்ணூறாயிரம். பெற்றோர் முகம் மலர்வது இந்த இடத்தில்தான்! ஆனால் அத்தொகை சிறப்பு வகுப்பில் கற்பிக்கும் காலத்திற்கு மட்டுமே உரியது. பொது வகுப்புக்கு மாற்றினால் நின்றுவிடும். என் தலைமுறையினர்க்கு ஓய்வூதியம் இறுதிச் சம்பளத்தைக்கொண்டு கணிக்கப்படுவதால், அதிலும் இது சேராது.

அந்த ரி.ம.250 ஐ ஒரு நாளுக்குப் பிரித்தால், பள்ளி நாள் இருபதெனக் கொள்ளின், ரி.ம.12.50 ஆகும். அந்தப் பன்னிரண்டரை ரிங்கிட்டிற்கு என்ன வேலை? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் வரைய வேண்டும். கழிவறைப் பழக்கம் கற்பிக்க வேண்டும். சட்டென வாசலை நோக்கி ஓடும் பிள்ளையைத் துரத்த வேண்டும். மூன்று மாதம் முயன்று ஒரு பிள்ளை தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினால், அதைக் கண்டு வியக்க அப்பிள்ளையின் தாயைத் தவிர வேறொருவரும் இருப்பதில்லை. இதைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். இதைக் கேட்டபின் மனம் மாறிப் போன பிள்ளைகள் உண்டு. அவர்கள் போனது நல்லதே. பணத்தை எண்ணி இவ்வகுப்பில் நுழைந்தவர் ஓராண்டும் தாக்குப்பிடியார்.

நம்மவர் எண்ண வேண்டிய இன்னொரு பங்கு உண்டு. கற்றல் சிரமமுடைய பிள்ளைகளுக்கான வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை. வகுப்பில்லாத ஊரில், வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை தேசியப் பள்ளியின் சிறப்பு வகுப்பில் சேர்கிறான். சொற்கள் பிந்தி வரும் பிள்ளைக்கு, வந்த சில சொற்களும் அவ்வகுப்பில் பயன்படுவதில்லை. 'தண்ணீர்' என்று கேட்கத் தெரிந்தவன் 'ஆயர்' என்று கேட்கப் பழக வேண்டும். ஆசிரியை அன்பானவராகவே இருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். நம் பள்ளியில் வகுப்புத் திறக்க, கட்டடமும் மாணவரும் இருந்து, பயிற்சி பெற்ற தமிழாசிரியர் இல்லாமற்போனால், பழி யார்மேல்?

சென்ற முறை இவ்வினாவோடு வந்த தந்தையார் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்பவர். கணக்குகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "தோட்டத்துல பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் இருக்கான் டீச்சர், பேச்சு வராது. எம் பொண்ணு சொன்னா மட்டும் கேப்பான்," என்றார். கெலுகோருக்கு நேர்காணலுக்குச் செல்ல எத்தனை மணிப் பேருந்தில் ஏற வேண்டும் என்று அடுத்துக் கேட்டார். காலை ஆறு மணிக்கே புறப்படச் சொல்லி அனுப்பினேன்.