கோ 205 பிறந்த கதை

சர்க்கரைத் தொழிலைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஆலை, கொள்முதல் விலை, இறக்குமதி வரி என்பவைதான் முன்னே வந்து நிற்கின்றன. மூன்றும் வேண்டியவையே. ஆனால் இந்தியாவில் இந்தத் தொழில் நிமிர்ந்ததில் கோவையின் காட்டு நாணலுக்கும் பெரும் பங்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி வடக்கே, கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் இருந்தது. அங்கே விளைந்தது விரல் தடிமனுள்ள கரும்பு. பனியையும் வறட்சியையும் தாங்கும், சாறோ கொஞ்சம். தெற்கத்தித் தடித்த கரும்பைக் கொண்டுபோய் நட்டால் உறைபனியில் கருகிவிடும். இவ்வளவு கரும்பு விளைந்தும் நாடு ஜாவாச் சர்க்கரையைக் கப்பல் கப்பலாக இறக்கிக்கொண்டிருந்தது.

1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர் பொறுப்பேற்றார், துணைக்கு டி.எஸ். வெங்கட்ராமன். வடநாட்டு உழவருக்கான கரும்பை ஏன் கோவையில் தேட வேண்டும்? கரும்பு கரணையால்தான் பெருகும், விதையால் முளைக்காது என்றே உலகம் வெகுகாலம் நம்பியிருந்தது. 1880-களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோஸிலும் விதை நாற்றுகளை வளர்த்துக் காட்டிய பிறகே அந்த நம்பிக்கை தகர்ந்தது. விதை வேண்டுமென்றால் கரும்பு பூக்க வேண்டும். வடக்கே அது பூப்பதே அரிது. கோவையில் தாராளமாகப் பூக்கும்.

தாயாக எடுத்துக்கொண்டது ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பு. தந்தை, கோவைப் பக்கத்திலேயே தானாக மண்டிக் கிடந்த நாணல். நாணலில் இனிப்பு இல்லை. அதைச் சர்க்கரைப் பயிரோடு சேர்ப்பது அன்றைக்கு விசித்திரமாகவே பட்டிருக்கும். ஆனால் அதன் வேர் ஆழம் போகும், வெள்ளத்திலும் காய்ச்சலிலும் சாகாது. அந்த உயிர்வலுதான் தேவைப்பட்டது. கலப்பில் கிடைக்கும் விதை பஞ்சுத் துகள்போல இருக்கும்; முளைத்தால் புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு குணம். அத்தனையையும் வளர்த்து, வெட்டி, சாறு பிழிந்து பார்த்துக் கழித்துக் கட்டியபின் நின்றது ஒன்று. ஊர்ப்பெயரின் முதல் எழுத்தோடு அதற்குக் கோ 205 என்று எண் கிடைத்தது.

1918-இல் அது பஞ்சாபுக்குப் போனது. பழைய கரும்பைவிடக் கூடுதலாக விளைந்தது. ஒருமுறை கரணை கையில் வந்துவிட்டால் உழவர் தம் வயலிலேயே பெருக்கிக்கொள்ளலாம், பக்கத்து வயல்காரருக்கும் கொடுக்கலாம். கரும்பின் இந்த இயல்பை நான் பெரிதாக மதிக்கிறேன். கோ 205-இல் நார் அதிகம் என்ற குறை இருந்தது. வெங்கட்ராமன் அதோடு நிற்கவில்லை. வடநாட்டு மெலிந்த கரும்பின் குணங்களையும் கலப்பில் சேர்த்தார். கோ 213 முதலிய ரகங்கள் பிகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் பரவின. கோ 281 அமெரிக்காவின் லூசியானா வரை சென்றது.

1932-இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நாட்டில் ஆலைகள் 30 சொச்சம். சில ஆண்டுகளிலேயே 130-ஐத் தாண்டின; ஜாவாச் சர்க்கரையின் வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. அந்தச் சட்டம் எழுப்பிய இறக்குமதி வரிச்சுவர் இதற்கு உதவியது. ஆனால் ஆலைகள் அரைத்தது கோவையின் கரும்பை. நல்ல கரும்பு வயலில் இல்லாமல் வெறும் சட்டம் எத்தனை ஆலைகளை ஓட்டியிருக்கும்?

புது ரகம் தேடும் வேலை இன்னும் முடியவில்லை. 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்துக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. இன்று செவ்வழுகல் நோய் அதை அரிக்கிறது. ஒரே ரகத்தின்மேல் மாநிலமே சாய்ந்தால் இந்த ஆபத்து வரத்தான் செய்யும். மாற்று ரகங்களுக்காகப் பல மாநில ஆய்வாளர்கள் பூக்கும் பருவத்தில் இன்றும் கோவைக்கு வந்து கலப்பு செய்கிறார்கள். அப்படிச் செய்த கலப்பு ரகமாகி வயலுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதுவரை உழவர் கரும்பைக் கைவிடாமல் இருக்க வேண்டும். வெட்டி அனுப்பிய கரும்புக்கு 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அதை ஆலைகள் நிறைவேற்றும்படி அரசு பார்த்துக்கொள்ளட்டும்.