மெத்தைகளும் மண்டப முழக்கமும்

1895ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள ஹாவாட் பல்கலைக்கழகத்தில் பொக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. கட்டடம் கண்ணுக்கு இனிதாயிருந்தது. அதன் விரிவுரை மண்டபமோ காதுக்குக் கொடிதாயிருந்தது. ஒருவர் உரைத்த சொல்லின் முழக்கம் ஐந்தரைச் செக்கன் வரை அங்கு உலவி நின்றது. அது அடங்குமுன் மேலும் பத்துச் சொற்கள் வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். மாணவர்க்கு எஞ்சியது இரைச்சலே.

இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு, வலஸ் சபைன் என்னும் இருபத்தேழு வயதுப் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் மண்டபத்தின் ஓசைநயம் கட்டடக் கலைஞரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததெனவே பலரும் எண்ணினர். சபைன் அளக்கத் தொடங்கினார். ஊர் உறங்கிய பின், அயலிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் ஆசன மெத்தைகளை உதவியாளருடன் சுமந்து வந்து மண்டபத்திற் பரப்புவார். ஓர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி செவிக்கு எட்டாது மறையும் வரை காலத்தைக் கணிப்பார். விடியுமுன் மெத்தைகள் மீண்டும் அரங்கிற்குச் சென்றுவிடும். தாம் அணிந்த உடையும் ஒலியை உறிஞ்சிக் கணக்கைக் குழப்புவதைக் கண்டபோது, ஆயிரக்கணக்கான அளவீடுகளைத் தள்ளிவிட்டு, ஒரே உடையை அணிந்து மறுபடியும் தொடங்கினாராம். அத்தகைய பொறுமை யாவர்க்கும் வாய்ப்பதன்று.

1898இல் விதி புலப்பட்டது. அறையின் கனவளவு கூடினால் முழக்கம் நீளும். உறிஞ்சும் பரப்புக் கூடினால் குறுகும். ஒலியைத் திருப்பி அனுப்பாத திறந்த யன்னலே அவர் கொண்ட அலகு. அவ்விதியைத் துணைக்கொண்டு கட்டப்பட்ட பொஸ்ரன் சிம்பனி மண்டபம், 1900 ஒக்டோபர் 15இல் திறக்கப்பட்டது. உலகின் சிறந்த இசைமண்டபங்களுள் ஒன்றென அது இன்றும் போற்றப்படுகின்றது.

வீட்டில் இசைப்பதிவுக்கு ஓர் அறையை ஒதுக்குவோர்க்கும் இவ்விதி பயன்படும். 36 கன மீற்றர் கொண்ட சிற்றறையில் உறிஞ்சும் பரப்பு 2 சதுர மீற்றராயின், முழக்கம் ஏறத்தாழ 2.9 செக்கன்; அதனை 12 ஆக்கினால் அரைச் செக்கன். கம்பளம், கனத்த திரைச்சீலை, நூல் நிறைந்த அலுமாரி ஆகியன இதற்கு உதவும்.

ஆயினும் சிற்றறையில் இவ்விதி முழுமையாய்ச் செல்லாது. நான்கு மீற்றர் நீளமான அறையில், செக்கனுக்கு ஏறக்குறைய 43 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலி சுவர்களுக்கிடையே நிலையலையாய் நிற்கும். ஓரிடத்தில் அது பெருத்தும் வேறோரிடத்தில் மெலிந்தும் கேட்கும். மெல்லிய திரை அதனை அடக்காது. மூலைகளில் நார்ப்பஞ்சைத் தடிப்பாய் நிறுத்தல் வேண்டும். இவையெல்லாம் அறைக்குள்ளே ஓசையைச் செப்பனிடுமேயன்றி, அயல்வீட்டுக்குச் செல்லும் சத்தத்தைத் தடுக்கமாட்டா. அதற்குக் கனத்த சுவரும் இடைவெளியில்லாக் கதவும் வேண்டும். பலர் நம்பிக்கையோடு சுவரில் ஒட்டும் முட்டைத் தட்டுகளோ, உயர்ந்த ஒலியைச் சிறிது தணித்து, தாழ்ந்த ஒலியை அப்படியே விட்டுவிடுகின்றன.