தபால் செலவும் ஒரு சிறுகதையும்

பன்னிரண்டாம் வகுப்பு சிபிஎஸ்இ-யில் படிச்சவங்களுக்கு 'பொயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' பாடம் ஞாபகம் இருக்கும். ஜெமினி ஸ்டுடியோ, மேக்கப் அறை, யாருக்கும் புரியாமப் பேசிட்டுப் போற ஒரு ஆங்கிலக் கவிஞர். எழுதினவர் அசோகமித்திரன்னு பரீட்சைக்குப் படிச்சிருப்போம். அவர் நம்ம தி. நகர்க்காரர், தமிழில் 200-க்கும் மேற்பட்ட சிறுகதைகள் எழுதினவர்னு எனக்குத் தெரிஞ்சது காலேஜ் முடிச்ச பிறகுதான்.

இன்னைக்குக் கேள்வி இதுதான். சிறுகதை எழுதி, அதைப் பத்திரிகைக்கு அனுப்பி, வெளிவந்தா என்ன கிடைக்கும்? காசுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அப்போ வேற என்ன?

அசோகமித்திரன் 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு, 1952-இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டுடியோவில் சேர்ந்தார். நாம இன்னும் 'ஜெமினி பாலம்'னு சொல்றோமே, அந்த இடம்தான். முதலாளி எஸ்.எஸ். வாசன். ஆனந்த விகடனும் அவருடையது.

அங்கே இவருடைய வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களிலிருந்து துண்டுகளை வெட்டி ஃபைலில் சேர்ப்பது. பார்க்கிறவங்களுக்கு இவர் சும்மா உட்கார்ந்து பேப்பர் கிழிக்கிற மாதிரிதான் தெரியும். அதனால யார் வேணும்னாலும் அறைக்குள்ள வந்து மனக்குறையைக் கொட்டிட்டுப் போவாங்க. வேற வழியில்லாம கேட்டுட்டு இருந்தார். அந்த ஸ்டுடியோவில் 14 வருஷம்.

அந்தக் காலத்துல நடந்த ஒரு சம்பவத்தை அவரே அந்தப் பாடத்தில் சொல்கிறார். 'என்கவுன்டர்' என்ற இங்கிலாந்துப் பத்திரிகை சிறுகதைப் போட்டி நடத்துவதாக 'தி ஹிந்து'வில் ஒரு சின்ன அறிவிப்பு. உடனே கதையை அனுப்பிடலை. இங்கிலாந்துக்குத் தபால் செலவே பெரிய தொகை. அது என்ன மாதிரிப் பத்திரிகைன்னு தெரிஞ்சுக்க பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போனார். எடிட்டர் பெயரைப் பார்த்தால் ஸ்டீஃபன் ஸ்பென்டர். என்றைக்கோ ஸ்டுடியோவுக்கு வந்து யாருக்கும் புரியாமப் பேசின அதே கவிஞர்!

எல்லாரும் அந்தத் தற்செயலைத்தான் ரசிப்பாங்க. எனக்குப் பிடிச்சது தபால் செலவு. பிரசுரத்துக்கு அனுப்பணும்னு முடிவு பண்ணின உடனே ஒரு கேள்வி வந்துடுது: இதைப் படிக்கப்போகிற முன்பின் தெரியாத ஆள் யார்? டைரியில் எழுதும்போது அந்தக் கேள்வியே வராது. நம்ம லேப்டாப்பில் மட்டும் ஓடுற கோடுக்கும், இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணப்போற கோடுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான். யாரோ பார்க்கப்போறாங்கன்னா வேலையை முடிச்சுத்தான் ஆகணும்.

அவருடைய 'புலிக்கலைஞன்' கதையை எடுத்துக்கோங்க. ஒரு சினிமா கம்பெனிக்கு வாய்ப்புக் கேட்டு காதர்னு ஒருத்தன் வருவான். புலிவேஷக்காரன். அந்த ஆபீஸ் அறையிலேயே புலியா மாறிக் காட்டுவான். எல்லாரும் அசந்துபோவாங்க. பிறகு அவனைத் தேடும்போது ஆள் கிடைக்க மாட்டான். இந்த மாதிரி ஆட்களுக்கு எந்த ஸ்டுடியோ ஃபைலிலும் இடம் இருந்திருக்காது. ஒரு சிறுகதை அச்சில் வந்ததால், அவனை நாம இன்னைக்கும் பேசிட்டு இருக்கோம்.

இதை ரொமான்டிக்கா சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1966-இல் ஜெமினியை விட்டு வந்து, முழுநேரம் எழுதினார். பணக் கஷ்டம் கூடவே இருந்தது. வெங்கட்நாராயணா சாலை நடேசன் பூங்காவில் உட்கார்ந்து நிறைய எழுதினார். கஸ்தூரிரங்கன் 1965-இல் டெல்லியில் தொடங்கிய 'கணையாழி'க்கு, சென்னையிலிருந்து பல வருஷம் ஆசிரியர் வேலையும் பார்த்தார். அதாவது, தன் கதையை அனுப்பிக் காத்திருந்தவர், மற்றவங்க அனுப்பின கதைகளையும் படித்தார். 1996-இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. அதுவும் நாவலுக்கு இல்லை. 'அப்பாவின் சிநேகிதர்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு.

சென்னையில் இதைப் படிக்கிற பக்கமும் உண்டு. 1970-இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு, பத்திரிகைகளில் அந்தந்த மாசம் வந்த கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தது. வருஷக் கடைசியில் அந்தப் பன்னிரண்டும் ஒரு புத்தகமாக வந்தது. பெயர் தெரியாத ஒருத்தர் எழுதின கதையையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முழுசாப் படிச்சிருக்காங்க. எழுதுறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்?

அசோகமித்திரன் 2017 மார்ச்சில் காலமானார். போன ஞாயிற்றுக்கிழமை நடேசன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துதான் இந்த எபிசோடுக்குக் குறிப்பு எழுதினேன். வாக்கிங் போறவங்க, செல்ஃபோனில் சண்டை போடுறவங்க, தூங்குறவங்க. கேட்கிறதுக்கு இன்னும் நிறைய இருக்கு.

என் ஃபோனில் பாதியில் நிற்கிற கதைகள் நான்கு. எனக்குத் தபால் செலவு கூடக் கிடையாது, இருந்தும் ஒன்றையும் அனுப்பலை. இந்த மாசம் ஒன்றை முடிச்சு அனுப்பறேன். திரும்பி வந்தா அதையும் இங்கேயே சொல்றேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.