சத்திரத்துச் சோறும் கழனியின் உழைப்பும்

வழிப்போக்கனுக்குச் சோறிடுதலைத் தலையாய அறமெனப் போற்றுதல் நம்மவர் வழக்கம். அவ்வறத்தின் பெருமையைப் பேசுவோர் பலர். அச்சோறு எவர் கையால் விளைந்தது, உண்ணும் வேளையில் அக்கைக்குரியவன் எங்கே நின்றான் என்று வினவுவோர் மிகச் சிலர். தஞ்சைச் சத்திரங்களின் சரித்திரத்தை இவ்வினாவோடு நோக்குவோமாக.

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழியில் சத்திரங்கள் பல நிறுவினர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும், கடற்கரையையடுத்து இராசாமடமும் எழுந்தன. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். இவற்றின் செலவுக்கென நிலங்களும் கிராமங்களும் மானியமாக விடப்பட்டன. ஆகவே, சுற்றுப்புறக் கழனிகளின் விளைவே யாத்திரிகரின் இலைக்கு வந்து சேர்ந்தது.

1801-ஆம் ஆண்டில் சரபோஜி மன்னர் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்றில் இவ்வறத்தின் முறையை விவரித்துள்ளார். பிராமணர் முதல் ஆதிதிராவிடர் ஈறாக வரும் எல்லாப் பிரயாணிகளுக்கும் அன்னமளிக்கப்பட்டது. நள்ளிரவில் மணியடித்து, அதுவரை உண்ணாதாரையும் அழைத்து உண்பித்தனர். குழந்தைகளுக்குப் பாலும், நோயுற்றோர்க்கு மருந்தும் உண்டு. வழியில் இறந்தார்க்கு ஈமக்கடனும் செய்யப்பட்டது. இஃது உண்மையிலேயே பாராட்டுதற்குரிய செயல்.

ஆயினும், அக்கடிதத்திலேயே மற்றொரு செய்தியும் உளது. ஆக்கிய சோற்றை உண்ண விரும்பாதார்க்கு அரிசியும் மிளகு முதலிய பண்டங்களும் தனியே அளந்து கொடுக்கப்பட்டன. பசித்தவன் சோற்றை வேண்டாமென்பானேன்? பிறர் கைபட்டுச் சமைத்தது ஆகாதென்னும் சாதிக் கொள்கையன்றி வேறு காரணம் யாது?

தஞ்சைக் கழனிகளில் நாற்று நட்டு, களை பறித்து, கதிரறுத்துப் போரடித்தவர் பெரும்பாலும் பண்ணையாட்களாகிய ஆதிதிராவிட மக்களே. அவர்கள் காலால் மிதித்த சேற்றில் விளைந்து, கையால் அடித்துக் குவித்த நெல்லுக்குத் தீட்டில்லை. கைக்கு மட்டும் தீட்டாம்! இதனினும் பெரிய வேடிக்கை உலகில் உண்டோ?

காலம் மாறியது, பந்தி மாறவில்லை. தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராயிருந்த ஏ. டி. பன்னீர்செல்வம், ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் பார்ப்பனரல்லாத மாணவர்க்கும் விடுதியில் உணவு கிடைக்க 1920-களில் வழி செய்தார். இரயில் வந்த பின்னும் தென்னாட்டு நிலையங்களின் உணவுச்சாலைகளில் பார்ப்பனர்க்குத் தனியிடம் இருந்தது. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின்னர் 1941-ஆம் ஆண்டிலேதான் அது ஒழிந்தது.

இவையெல்லாம் நமக்கென்ன என்று இருத்தல் தகாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோருள் தஞ்சைக் கழனிகளை விட்டு வந்தோர் பலர். கடல் கடந்தும் சாதி கூடவே வந்தது. தோட்டங்கள் சிலவற்றில் லயங்களுங்கூடச் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. சமபந்தி விருந்துகளை நடத்திச் சீர்திருத்தக்காரர் எதிர்த்தது இக்கொடுமையையேயாம்.

இக்காலத்தில் நகரத்தார் பணங்கொடுத்து நாட்டுப்புறஞ் சென்று, வயலருகே இலைபோட்டு உண்டு மகிழ்கின்றனர். மகிழட்டும், விளைந்த இடத்திலேயே உண்ணுதல் நன்றே. ஆனால் கையலம்புமுன் ஒன்று கேட்கட்டும்: இதை விளைவித்தவனும் இப்பந்தியில் உட்கார்ந்திருக்கிறானா? ஆம் என்னும் விடை கிடைக்கும் இடமே அறச்சாலை. பிறவெல்லாம் வெறுஞ் சோற்றுக்கடை.